விடியற்காலை மூன்று மணிக்குப் பார்க்கும் எண்ணிக்கை

கேள்வி: எனக்கு 46 வயது. 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவத் தொடங்கியபோது, அன்றன்றைய புதிய பாதிப்பு, இறப்பு, மொத்தப் பாதிப்பு ஆகிய மூன்றையும் கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பார்த்த நேரத்தையும் ஓரத்தில் குறித்துவைப்பேன். முதலில் இரவில் ஒருமுறைதான் பார்த்தேன். சில வாரங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு போனைத் தேடும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்போது என் அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை நோயும் உண்டு. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டு எழுதுவதும் ஒருவழியாக நின்றுபோனது. ஆனால் இப்போதும் எங்கோ ஒரு புதிய வைரஸ் என்று செய்தி வந்தால் போதும், கை அந்த நோட்டைத் தேடுகிறது, தூக்கம் போய்விடுகிறது. “செய்தியே பார்க்காதே” என்கிறார் என் கணவர். பார்க்காமல் இருந்தால் அப்பாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டதுபோல் மனம் குறுகுறுக்கிறது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் நான் செய்திகளை எப்படித்தான் பின்தொடர்வது? அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கவனம் முதலில் அந்த நோட்டின் மீதுதான் சென்றது. ஏனெனில் மனநல மருத்துவத்துக்கு வருமுன் நானும் சில காலம் நோய்க் கண்காணிப்புப் பிரிவு ஒன்றில் இதே போன்ற கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தவன். மாலையில் கணக்கை முடிக்கும் நேரத்துக்குள் எந்தெந்த ஆய்வகங்களின் தாள்கள் கைக்கு வந்துசேர்கின்றனவோ, அவற்றின் கூட்டுத்தொகைதான் அன்றைய எண்ணிக்கை. பிந்தி வந்தவை மறுநாள் கணக்கில் ஏறும். ஒருநாள் இரண்டு மையங்களின் தாள்கள் வராமலேயே கணக்கை அனுப்பினோம். மறுநாள் அவையும் சேர்ந்து வந்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டதுபோல் தெரிந்தது. நோய் முந்தைய நாள் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. எனவே, என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் போகுமுன், உங்கள் மூன்று கட்டங்களில் உண்மையில் எதை எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் கட்டம், புதிய பாதிப்பு. கொரோனாவின் தொடக்க காலத்தில், கிருமி உடலில் புகுந்தது முதல் அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக ஐந்து, ஆறு நாட்களும் சிலருக்கு 14 நாட்கள் வரையும் ஆயின. அதன் பிறகு அந்த மனிதர் பரிசோதனைக்குப் போக வேண்டும், மாதிரி ஆய்வகத்துக்குச் சேர வேண்டும், முடிவு வர வேண்டும், அது கணக்கில் ஏற வேண்டும். ஆகவே “இன்றைய” பாதிப்பு என்று நீங்கள் எழுதியது, ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த தொற்றுகளின் தொகை. இரண்டாவது கட்டமான இறப்பு எண்ணிக்கை அதைவிடவும் பிந்தியது. நோய் தீவிரமாகி உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்கள் போராடிய பிறகே இறந்தார்கள். மூன்றாவது கட்டமான மொத்த எண்ணிக்கையைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: கணக்கையே திருத்தினாலொழிய அது குறையவே குறையாது. நோய் முற்றிலும் அடங்கிய நாளிலும் அது முந்தைய நாளின் உயரத்திலேயே நிற்கும். நிம்மதி தேடும் ஒருவர் நாள்தோறும் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற எண் கிடையாது.

நோட்டை இப்போது எடுத்தால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான வாரங்களில் ஞாயிறு, திங்களுக்கு நேரே உள்ள எண்கள் சற்றுத் தாழ்ந்தும், செவ்வாய், புதனுக்கு நேரே உள்ளவை உயர்ந்தும் இருக்கும். வார இறுதியில் பரிசோதனைகள் குறைவாக நடப்பதும், கணக்கு எடுப்பவர்கள் விடுப்பில் இருப்பதும், விட்டுப்போனவை வாரத்தின் நடுவில் சேர்த்து எழுதப்படுவதும்தான் இதற்குக் காரணம். உலகின் பல நாடுகளிலும் இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தது. திங்களன்று நீங்கள் அடைந்த ஆறுதலும் புதனன்று அடைந்த கலக்கமும் பெருமளவுக்கு அலுவலக விடுமுறையைத்தான் பின்தொடர்ந்திருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு இருந்த ஆபத்து அந்த இரண்டு நாட்களுக்கிடையில் அவ்வளவு மாறியிருக்காது.

இதைவிடப் பெரிய துள்ளல்களும் உண்டு. 2020 பிப்ரவரி 12-ஆம் தேதிக்கான கணக்கில் சீனாவின் ஹூபே மாநிலம் 14,840 புதிய பாதிப்புகளை அறிவித்தது. முந்தைய நாள் அந்த எண் இரண்டாயிரத்துக்கும் குறைவு. உலகமே திடுக்கிட்டது. ஆனால் அவற்றில் 13,332 பேர், ஆய்வக முடிவுக்காகக் காத்திராமல் நுரையீரல் ஸ்கேன் முதலியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் கணித்த நோயாளிகள்; அன்று மாறியது “நோயாளி” என்ற சொல்லின் வரையறை. அதே ஆண்டு இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 பாதிப்புகள் கணக்கில் ஏறாமலே போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த பட்டியலை ஏற்ற, ஒரு பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் வரிசைகள் தீர்ந்துபோனதால் மிச்சமிருந்தவர்கள் அப்படியே வெட்டுப்பட்டுவிட்டார்கள். பிழை தெரிந்து அவர்களைச் சேர்த்தபோது அந்த வார இறுதியின் எண்ணிக்கை விண்ணைத் தொட்டது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்தில், பரிசோதனையில் தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டுமே கொரோனா இறப்பாகக் கொள்வது என்று பிரிட்டன் முடிவெடுத்தபோது, மொத்த இறப்பு ஒரே நாளில் 46,706-இலிருந்து 41,329-ஆகக் குறைந்தது. இறந்தவர் எவரும் திரும்பி வரவில்லை.

எண்கள் எல்லாம் பொய், நீங்கள் வீணாகப் பயந்தீர்கள் என்று சொல்வதற்காக இவற்றை அடுக்கவில்லை. உண்மை அதற்கு மாறாகவும் இருந்திருக்கிறது: 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட கொரோனா இறப்புகள் உலக அளவில் சுமார் 54 லட்சம், அதே காலத்தில் பெருந்தொற்றால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கூடுதலாக நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. பயப்படக் காரணம் இருந்தது. நான் சொல்ல வருவது, அந்தத் தினசரி எண் யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான். எத்தனை படுக்கைகள் வேண்டும், ஆக்சிஜனை எங்கே அனுப்புவது, எந்தப் பகுதியில் பரிசோதனையைக் கூட்டுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அது தேவை. விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் மனதில் இருந்த கேள்வி “அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா?” என்பது. ஒரு மக்கள்தொகையின் சென்ற வாரத்தைப் பற்றிய எண், ஒரு தனி மனிதரின் அடுத்த வாரத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாது. பதில் கிடைக்காததால்தான் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள். கிடைத்திருந்தால் ஒருமுறை பார்த்ததோடு நிறுத்தியிருப்பீர்கள்.

இங்கே என் இப்போதைய துறைக்கு வருகிறேன். பதற்றம் எழுகிறது, போனைத் திறக்கிறோம், எண் தெரிந்தவுடன் ஒரு சிறு ஆசுவாசம். எண் கெட்டதாக இருந்தாலும், “தெரிந்துகொண்டேன்” என்ற அளவிலாவது ஓர் ஆசுவாசம். அது சில நிமிடங்களே நீடிக்கும்; ஆனால் போனைத் திறந்தால் பதற்றம் அடங்கும் என்று மூளை கற்றுக்கொள்ள அந்தச் சில நிமிடங்களே போதும். அடுத்த முறை அது உங்களை இன்னும் சீக்கிரம் எழுப்பும். வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவர்களிடம் நாங்கள் காண்பதும் இதே ஓட்டம்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கும்படி சாதாரண மனிதர்களிடம் சொன்னார்கள். கடைசி முறை சரிபார்த்ததை அவர்கள் சரியாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நினைவு தெளிவிழந்திருந்தது, அதன் மீது அவர்களுக்கே இருந்த நம்பிக்கையும் குறைந்திருந்தது. சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம்தான் வளர்ந்தது. இரவில் எழுதிய எண்ணை மூன்று மணிக்கு மறுபடி பார்க்கத் தோன்றியதே, அது உங்கள் மனதின் பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

செய்திகளின் அளவைப் பற்றியும் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அதற்கடுத்த வாரத்தில் அதைப் பற்றிய செய்திகளை நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்கள், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகளைத் தெரிவித்ததாக, அதன் பின் நடந்த ஆய்வொன்று கண்டது. பதற்றமுள்ளவர்கள் இயல்பாகவே அதிகம் பார்த்திருக்கலாம் என்பதால் இதை முழுக் காரணமாகக் கொள்ள மாட்டேன். இருந்தாலும், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதே பாதுகாப்பு என்று இனி நினைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் 18-ஆம் தேதி வெளியிட்ட மனநலக் குறிப்புகளில், பதற்றம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொள்ளவும், நாளில் ஒன்றிரண்டு முறை, குறித்த நேரத்தில் மட்டும் தகவல் அறிந்துகொள்ளவும் சொன்னது. பெருந்தொற்று என்று அது அறிவித்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த முறை ஒரு பெருந்தொற்று வரும்போது, எந்த எண்ணையும் பார்க்குமுன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: “இந்த எண் கூடினால் நான் எதை மாற்றுவேன்? குறைந்தால் எதை மாற்றுவேன்?” அப்பாவின் வழக்கமான மருத்துவப் பரிசோதனையைத் தொலைபேசி ஆலோசனையாக மாற்றுவது, மாத்திரைகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவைப்பது, வீட்டுக்கு வருபவர்களைத் திறந்த வெளியில் சந்திப்பது என்று உங்கள் பட்டியல் பத்து வரிகளைத் தாண்டாது. அதில் உள்ள எந்த முடிவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் எண் தேவைப்படாது. வாரத்துக்கு இருமுறை பார்த்தால் தாராளம். நிலைமை வேகமாக மாறும் நாட்களில் நாளுக்கு ஒருமுறை, மாலையில், பதினைந்து நிமிடம். படுக்கப்போகும் முன்பும், எழுந்தவுடனும் வேண்டாம். இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

பார்க்கும்போது உலக மொத்தத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் வசிக்கும் பகுதியின் ஏழு நாள் சராசரியைச் சென்ற வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வார இறுதித் தாழ்வும் புதன்கிழமை ஏற்றமும் அதில் கரைந்துவிடும். அடுத்து, பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று உறுதியானது என்று பாருங்கள். பரிசோதனையைக் குறைத்தாலே பாதிப்பு எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால் இந்த விகிதம் முக்கியம். பரவல் கட்டுக்குள் வருவதற்கான அடையாளங்களில் ஒன்றாக, இது இரண்டு வாரங்களாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோலைத் தந்தது. மருத்துவமனையில் சேருவோரின் எண்ணிக்கை கிடைத்தால் அதையும் பார்க்கலாம். தகவலுக்கு உங்கள் பகுதிச் சுகாதாரத் துறையின் அறிக்கை ஒன்று போதும். போனில் செய்தி அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் ஊமையாக்குங்கள். உறவினர்கள் கோபித்துக்கொண்டால், மருத்துவர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

மூன்று மணி விழிப்புக்குத் தனியாக ஒரு வழி வேண்டும். போனை இரவில் வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்குச் சாதாரண அலாரக் கடிகாரம் இருக்கட்டும். விழிப்பு வந்தால் “பார்க்கக் கூடாது” என்று மனதோடு மல்லுக்கட்டாமல், “மாலையில் பார்ப்பேன்” என்று தள்ளிப்போடுங்கள். மறுப்பதைவிடத் தள்ளிப்போடுவது மனதுக்கு எளிது. உந்துதல் ஏறும், ஒரு கட்டத்தில் தானாக இறங்கும். அது இறங்குவதைப் போனைத் தொடாமல் சில இரவுகள் பார்த்துவிட்டால்தான் மூளை பழைய பாடத்தை மறக்கும். முதல் வாரத்தில் பதற்றம் கூடவே செய்யும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்; இல்லாவிட்டால் மூன்றாம் நாளே இந்த வழி சரிப்படவில்லை என்று விட்டுவிடுவீர்கள்.

உங்கள் கணவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் செய்தியை முற்றிலும் மூடிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முகக்கவசம் குறித்த தன் அறிவுரையை உலக சுகாதார நிறுவனமே 2020 ஜூன் மாதம் மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சில நாடுகளில் தடுப்பூசி தொடங்கியது. எதையும் பார்க்காமல் இருந்தவருக்கு இவையும் தெரியாமல் போயிருக்கும். அவரே பார்த்துவிட்டுத் தேவையானதைச் சொல்வது ஒரு வழிதான், ஆனால் அப்போது “எவ்வளவாம்? கூடியிருக்கிறதா?” என்று நாளுக்குப் பத்து முறை அவரிடம் கேட்கத் தோன்றும். போனிடம் கேட்டதை அவரிடம் கேட்பீர்கள், அவ்வளவுதான். அதற்கும் மாலை நேரக் கட்டுப்பாடு பொருந்தும் என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் குறுகுறுப்பு. பார்க்காவிட்டால் அப்பாவைக் கைவிட்டதுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை அளவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. உங்கள் கடிதத்தில் மூன்று கட்டங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவின் சர்க்கரை அளவை எழுத ஒரு கட்டம் இருந்ததாகச் சொல்லவில்லை. குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. நீங்கள் அதை வேறெங்காவது குறித்தும் இருக்கலாம். ஆனால் உலகத்தின் அத்தனை எண்களிலும், அவரைப் பற்றியதாகவும் உங்கள் கைக்கு எட்டுவதாகவும் இருந்த எண் அது ஒன்றுதான். அடுத்த முறை கை நோட்டைத் தேடினால் அந்த எண்ணை எழுதுங்கள். தடுப்பூசி போட்ட தேதியை, மாத்திரை தீரும் தேதியை, அன்று அவரோடு என்ன பேசினீர்கள் என்பதை எழுதுங்கள். பெருந்தொற்று எதுவும் இல்லாத இன்றைக்கும் இதைத் தொடங்கலாம்.

தற்போது வரும் புதிய வைரஸ் செய்திகளுக்கும் மேற்சொன்ன தாள் கேள்வியே போதும். “எதையும் மாற்ற மாட்டேன்” என்பது விடையானால், அந்தச் செய்தியை அன்றைக்கு அங்கேயே விட்டுவிடலாம். கொரோனா எண்ணிக்கையை 2020 ஜனவரி முதல் உலகம் முழுவதிலுமிருந்து திரட்டிக் காட்டிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரே 2023 மார்ச் 10-ஆம் தேதியோடு அந்தப் பணியை நிறுத்திக்கொண்டார்கள். நீங்கள் உங்கள் நோட்டை அவர்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தால் அதில் குற்றம் ஏதுமில்லை.

இவ்வளவையும் செய்து பார்த்தும் நான்கு வாரங்களில் உறக்கம் சீராகாவிட்டாலோ, வேலையிலும் வீட்டிலும் கவனம் சிதறினாலோ, திடீரென்று மூச்சடைப்பும் படபடப்பும் வந்தாலோ, கை கழுவுவது போன்ற வேறு செயல்களும் கட்டுக்கடங்காமல் திரும்பத் திரும்ப நிகழ்ந்தாலோ, ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இத்தகைய பதற்றத்துக்கு நன்றாகவே பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

நோட்டைக் கிழிக்க வேண்டாம். மருத்துவரிடம் போவதாக இருந்தால் அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூன்று கட்டங்களையும் அவர் பெரிதாகப் பார்க்க மாட்டார். எத்தனை முறை, எந்தெந்த நேரத்தில் விழித்தீர்கள், எந்த வாரத்திலிருந்து அது கூடியது என்று நாங்கள் கேட்கும்போது பெரும்பாலோருக்கு நினைவிருப்பதில்லை. நீங்கள் அதை ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறீர்கள்.